வரைபடத்தில் ஒட்டாமல் விட்ட வட்டங்கள்

இன்று காலை உன் மகன் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. தோசைக் கரண்டியின் காம்பை விட்டு நெம்பித் திறந்தேன். குப்பென்று தோல் வாடை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது போகவில்லை. உள்ளே நம்முடைய சிவப்பு வட்டங்கள், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு கைப்பிடி அளவு கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கா உங்கம்மா? அவ எங்க, பெங்களூர்லயே தங்கிட்டாளா? எனக்கு ஒரு போன் போட அவளுக்கு நேரமில்லியா?" என்று படபடவென்று கேட்டேன்.

உன் மகன் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தான். காபி டம்ளரோடு சமையலறை வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க. மாசி மாசமே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அங்கிள் வந்திருந்தாரே."

அங்கிள் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் உன் அடக்கத்துக்குப் போய், உன் பெட்டிமேல் மண் போட்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலம் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். காட்பாடியில் பழைய ஃபேக்டரி ஆள் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று நான் கேட்டபோதெல்லாம், "மகன் வீட்டுக்குப் போயிருக்காங்களாம்" என்றார். நானும் நம்பினேன். வயசானவர்கள் மகன் வீட்டுக்குப் போவது ஊரில் நடக்காததா?

"ஒனக்கு அப்பதான் நெஞ்சுல அந்தக் கம்பி வச்சு ரெண்டு வாரம். எப்பிடிச் சொல்வேன்?" என்கிறார் இப்போது. அறுபது தடவை அதையே சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, கிடைத்த காகிதத்தில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது உனக்கு வந்து சேராது என்பதைத் தெரிந்துகொண்டு மூன்று மணி நேரம்தான் ஆகிறது. மூன்று மாசமாக உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். "இன்னாடி கிராஃபு, மறுபடியும் ஏமாந்துட்டியா?"

கிராஃபு. அந்தப் பெயரை எனக்கு வைத்தவள் நீதான். எழுபத்தொன்பதில், ஆம்பூர் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் நம் சின்ன அமைப்பின் அலுவலகம் இருந்தது. நீ கிராம நர்ஸ். நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தாமதமாக வந்தாலும் பிரியாணிக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பவள். நான் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு ரிஜிஸ்டர் எழுத வந்த கிளார்க்கு. உனக்கும் எனக்கும் ஒரே வயசு. உனக்கு நடை மெதுவு, எனக்கு வாய் நீளம். ஒன்பது ஊருக்கும் ஒரே ஜீப்பில் அலைந்தோம்.

அந்த ஊர்களின் கிணறுகளை நினைத்தால் இப்போதும் நாக்கு கரிக்கிறது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இறங்கி இறங்கித் தண்ணீர் உப்பாகிப் போயிருந்தது. வாளியில் இறைத்தால் மேலே பழுப்பு நுரை நிற்கும். பருப்பு வேகாது. பெண்கள் நல்ல தண்ணீருக்குப் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருப்பார்கள். ஆனால் நம்முடைய வேலை தண்ணீர் இல்லை, குழந்தைகள். பிறந்து ஏழெட்டு நாளில் ஜன்னி கண்டு, வாய் திறக்க முடியாமல், பால் குடிக்க முடியாமல், விறைத்துச் சாகிற குழந்தைகள். கண்ட கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதால் வருகிற ஜன்னி. தடுப்பூசி போட வாருங்கள் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதனால் பிரசவம் பார்க்கிறவர்கள் கையிலேயே சுத்தமான பிளேடைக் கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னாய்.

நம் தலைவி டாக்டரம்மா அப்போதுதான் டெல்லியில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நீ எழுதிக் கொடுத்த 'தாய் சேய் நலம் மேம்படும்' என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். "இது ஆசை. திட்டம் எங்க? யாருக்கு, எவ்வளவு, எதுக்குள்ள, அது நடந்துச்சுன்னு எப்பிடித் தெரிஞ்சுக்குவீங்க? நாலையும் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். உனக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ பண்டிகை. படித்த படிப்புக்கு அன்றுதான் வேலை வந்தது என்று நினைத்தேன்.

ஒன்பது ஊரிலும் வீடு வீடாகக் கேட்டோம். முந்தின வருஷம் பிறந்து முப்பது நாளுக்குள் செத்த குழந்தைகள் பதினேழு. அதை ஒரு வருஷத்தில் பாதிக்கும் கீழே கொண்டுவருவது என்று எழுதினோம். வழி, பிரசவப் பொட்டலம். ஒரு புது பிளேடு, இரண்டு துண்டு நூல், ஒரு வெள்ளைத் துணி, ஒரு சின்ன சோப்பு. எல்லாவற்றையும் பழுப்புத் தாளில் சுற்றி, இட்லிப் பானையில் ஆவி காட்டிக் காயவைப்போம். ஊருக்கு ஒரு மருத்துவச்சியைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தோம். எந்த ஊருக்கு எத்தனை பொட்டலம் என்று கணக்குப் போட்டவள் நான். சின்னக்கொல்லையில் முந்தின வருஷம் பத்துப் பிரசவம். ஆகவே பத்துப் பொட்டலம். அடிக்கோடு போட்டு, பட்டியலின் கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தப் 'பத்து' இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சுவரில் ஒரு வரைபடம் வரைந்தேன். பாலாறு நீலம், ரயில் பாதை கறுப்பு, ஒன்பது ஊர். ஒரு குழந்தை போனால் அந்த ஊரில் ஒரு சிவப்பு வட்டம். என் வீட்டுக்காரர் அப்போது ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் வெட்டும் இடத்தில் இருந்தார். வெளிநாட்டுப் பெண்களுக்கான சிவப்புச் செருப்பில் ஓட்டை போடும்போது உதிர்கிற துண்டுகளைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவார்கள், உன் ஆள் தோல் துண்டு கொண்டு வருகிறான் என்று நீ கேலி செய்தாய்.

அந்த வட்டங்களை ஒட்டுகிற வேலை உன்னுடையது. ஒவ்வொன்றையும் ஒட்டும்போது உன் மூக்கும் காதும் சிவந்துவிடும். மாசக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற மருத்துவச்சிகள் வரைபடத்தைப் பார்க்கமாட்டார்கள். உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அந்த வருஷ நடுவில் ஓர் அடிபம்பு வந்தது. ஆழத்தில் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றார்கள். ஆனால் ஒன்பது ஊருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. எந்த ஊருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு ஊர்ப் பெரிய மனுஷரும் டாக்டரம்மாவைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார். பெரிய பேஜாராகிவிட்டது. அப்போது நான் வாயைத் திறந்தேன். "எந்த ஊர்ல சிவப்பு வட்டம் இல்லியோ அந்த ஊருக்குக் குடுத்துடலாம் மேடம். யாரும் குறை சொல்ல முடியாது. நம்ம திட்டத்துக்கும் நல்லது, எல்லாரும் பொட்டலத்த ஒழுங்கா பயன்படுத்துவாங்க."

டாக்டரம்மா என்னை மெச்சினார். நீகூட மேசைக்கடியில் என் காலைத் தட்டி, "மூளைக்காரிதான்டி" என்றாய். நான் ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.

பத்தாவது மாசம் போர் போடும் லாரி கிடைத்தது. வருஷம் முடியும்வரை நிற்காது, இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான் என்றார்கள். வரைபடத்தைப் பார்த்தோம். எட்டு ஊரிலும் சேர்த்து ஆறு வட்டம். வட்டமே விழாத ஊர்களில் பிரசவம் அதிகம் சின்னக்கொல்லையில்தான். பத்துப் பிரசவம், பத்துப் பொட்டலம், பத்துக் குழந்தையும் உயிரோடு. அவ்வளவு அழகான வரியை நான் அதுவரை எழுதியதில்லை. லாரியை அங்கேயே அனுப்பினோம்.

பம்பு திறப்பு விழா உனக்கு ஞாபகம் இருக்கும். நான் சொல்வதை நீ இப்போது திருத்த முடியாது, அதனால் நினைவிருக்கிறபடியே சொல்கிறேன். காலை பதினொரு மணி. மைக் செட்டு கட்டி ஊரெல்லாம் பாட்டு. பம்புக்கு மாவிலை. சிமெண்டு மேடையைச் சுற்றிக் கோலம். டாக்டரம்மா கைப்பிடியை அடித்தார். முதலில் காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு கண்ணாடி போலத் தண்ணீர். ஒரு கிழவர் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "இனிக்குதும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடத்தோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சின்னக்கொல்லையின் மருத்துவச்சி கன்னியம்மா புதுப்புடவை கட்டி மாலையோடு நின்றாள். நீ வரிசையோரமாக நடந்து ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே போனாய்.

ஒரு பெண்ணின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாய். செல்வி. இருபது வயசுகூட இருக்காது. நம் கர்ப்பிணிகள் நோட்டில் பெயர் இருந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு, விரிஞ்சிபுரத்துப் பக்கம் போயிருக்கிறாள் என்று கன்னியம்மா இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம்தானே என்று நான் அவள் பெயருக்கு நேரே 'வெளியூர்' என்று எழுதி மூடிவிட்டேன்.

"எப்ப வந்த? கொழந்த எங்க?" என்று கேட்டாய்.

"எங்கம்மா வூட்ல வுட்டுட்டு வந்தேன் சிஸ்டர்."

ஒரு அடி கிட்டே போனாய். விழா என்று அன்று எல்லார் தலையிலும் பூ. அவள் தலையில் ஒரு பூகூட இல்லை. ஆனால் அவள் மேலே மல்லிகை வாசம் அடித்ததாம். எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று நீ வெளிறிப்போனது. அவள் மாராப்பு ஓரமாக, ரவிக்கைக்குள், வாடிய மல்லிச்சரம் தெரிந்ததை நீ பார்த்துவிட்டாய். பால் வற்றுவதற்காக மாரில் வைத்துக் கட்டுகிற பூ. குழந்தையைப் பறிகொடுத்தவள் வைத்துக் கட்டுகிற பூ.

அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தாய். மெதுவாகத்தான் கேட்டாய். "எத்தினி நாளாச்சும்மா?"

அவள் கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பின்னால் நின்ற அவள் மாமியார், "ஒண்ணும் இல்ல சிஸ்டர், வெயில்ல பேசறா" என்றாள். நானும் பக்கத்தில் வந்து, "இன்னா ஆச்சு? மேடம் கூப்புடறாங்க, போட்டோ எடுக்கணும்" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையை உதறினாய். அதற்கு முன்னும் பின்னும் நீ என்னை அப்படி உதறியதில்லை.

"அழக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள் செல்வி.

அவ்வளவுதான் சொன்னாள். நீ அவள் தலையை உன் தோளில் சாய்த்து, "அழு. நான் இருக்கேன், அழு" என்றாய். அவள் அழுதாள். அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? பதினோரு நாள் அடக்கிவைத்த அழுகை. மைக் செட்டுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். வரிசையில் இன்னொரு பெண் தன் குடத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒன்று போயிருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால். அவளையும் நான் 'வெளியூர்' என்றுதான் எழுதியிருந்தேன்.

என் கையில் ரிஜிஸ்டர். அதில் பத்து, பத்து, பத்து.

கன்னியம்மா பேசியதை ஒரு வார்த்தை மறக்கவில்லை. மாலையைக் கழற்றிப் பம்பின் மேல் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான பத்துன்னு எய்தன? பத்துப் பொட்லந்தான் குட்த. பதினொண்ணாவது பொறந்தா நான் இன்னா பண்றது? ஜாஸ்தி ஆயிட்ச்சுன்னு வந்து கேட்டா, ஊரு ஒயுங்கா இல்லன்னு பம்ப மாத்திட்டா? மூணு பேரு ஜாஸ்தி. வூட்ல இருந்த கத்திய வச்சேன். டேனரில தோலு சீவற கத்தி. சுடுதண்ணில கழுவித்தான் வச்சேன். ரெண்டு போச்சு, ஒண்ணு நின்ச்சு."

"ஏன் எங்களுக்குச் சொல்லல?" என்று நீ கேட்டாய்.

"எப்டி சொல்றது? ஒவ்வொரு பொட்டு ஒட்டும்போதும் ஒன் மூஞ்சியப் பாக்க முடியலியே சிஸ்டர்."

செல்வியின் குழந்தைக்கு ஜன்னி கண்ட அன்றுதான் போர் லாரி ஊர் எல்லைக்கு வந்து நின்றதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் விஷயம் வெளியே வந்துவிடும், வந்த லாரி திரும்பிப் போய்விடும் என்று பேசியிருக்கிறார்கள். பெரியவர்கள் செத்தால் மேளம் அடிக்கும், ஊருக்கே தெரியும். பெயர் வைக்காத குழந்தைக்கு மேளம் கிடையாது. துணியில் சுற்றி ஆற்று மணலோரம் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்படியே செய்தார்கள். லாரி துளை போடுகிற தடதடச் சத்தத்தில் அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். அந்தத் தண்ணீரைத்தான் கிழவர் இனிக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் என்ன சொன்னேன் என்பதை உன்னைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். "திங்கக்கெழம வருஷக் கூட்டம். வெளியூர்லேர்ந்து உதவி பண்றவங்க வர்றாங்க. இத இப்ப சொன்னா அடுத்த வருஷம் நமக்குப் பொட்டலத்துக்குப் பேப்பர்கூட கெடைக்காது. ரெண்டுதானே. சேத்தாலும் எட்டுதான். பாதிக்குக் கீழதான் இருக்கு. மெதுவா சேத்துக்கலாம்" என்றேன். ரெண்டுதானே என்றேன். என் வாயாலே.

நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தாய். வாணியம்பாடி ரோடு வந்தபிறகுதான் பேசினாய். "முதல் குழந்த போனப்ப நமக்குத் தெரிஞ்சிருந்தா, பொட்டலம் தீந்துபோச்சுன்னு தெரிஞ்சிருக்கும். மறுநாளே கொண்டு போய்க் குடுத்திருப்போம். செல்விக்கு அது போதும்டி." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று நீ திட்டாததுதான் எனக்கு இத்தனை வருஷமும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை, கோட்டு போட்ட நாலு பேர் முன்னால், நான் வரைபடத்தைக் காட்டிப் பேச எழுந்தேன். ஒன்பது ஊர், ஆறு வட்டம் என்று தட்டச்சு செய்த தாள் கையில் இருந்தது. முதல் வரியையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாய், உன் வழக்கமான ஆமை நடையில். டின்னைத் திறந்து இரண்டு வட்டம் எடுத்தாய். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாய். ஒன்றை நீ ஒட்டினாய், ஒன்றை நான் ஒட்டினேன். என்னுடையது கொஞ்சம் கோணலாக ஒட்டியது. பிறகு நீ பேசினாய். "பொட்டலம் கெடச்ச பத்துக் கொழந்தையும் இருக்கு. கெடைக்காத மூணுல ரெண்டு இல்ல. எங்க பொட்டலம் வேல செய்யுது. எங்க திட்டந்தான் தப்பு. சாவு கம்மியா இருந்தா பரிசுன்னு சொன்னோம். அதனால எங்களுக்குச் சொல்ற சாவு கம்மியாச்சு."

டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசுக்கு ஒப்புக்கொண்டவர் அவர்தான் என்று அவரே எழுந்து சொன்னார். அதைச் சொன்னது நல்லது. நான் சொன்ன யோசனை என்பதை நீ அந்த அறையில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷத்துக்கு உதவி பாதியாகத்தான் வந்தது. நாலு ஊரைக் கைவிட வேண்டியதாயிற்று. சின்னக்கொல்லையிலிருந்து பம்பைக் கழற்றிவிடலாம் என்று யாரோ சொன்னபோது, "அதுக்கு அவங்க குடுத்த வில போதும்" என்று நீ கத்தியது தெருவரை கேட்டது. பம்பு அங்கேயே இருந்தது. செல்வி ஒரு வருஷம் அதில் தண்ணீர் எடுக்கவில்லை. உப்புக் கிணற்றுக்கே போனாள்.

சின்னக்கொல்லையோடு சேர்த்து மிச்சமிருந்த ஐந்து ஊருக்கு நாம் மறுபடி திட்டம் எழுத உட்கார்ந்தோம். எனக்குப் பேனா ஓடவில்லை. எண்ணே வேண்டாம், இந்தக் கோடும் கட்டமும் வேண்டாம் என்றேன். நீதான் அளவுகோலை என் கையில் திணித்தாய். "எண்ணாம விட்டாலும் கொழந்த சாவும்டி. யாருக்கும் தெரியாம சாவும். எண்ணு. ஆனா வேற ஒண்ண எண்ணு."

அப்படித்தான் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு கட்டங்கள் வந்தன. இறந்த நாள். நமக்குச் சொன்ன நாள். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்பதுதான் நம் புது இலக்கு. இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. நமக்குத் தெரியாமல் ஒரு குழந்தையும் போகக் கூடாது. பொட்டலம் எத்தனை வேண்டும் என்று நான் எழுதக் கூடாது, மருத்துவச்சி சொல்ல வேண்டும். சாவைச் சொல்ல வருகிறவளுக்கு முதலில் ஒரு டம்ளர் டீ. அவள் குடித்து முடிக்கும்வரை நோட்டைத் திறக்கக் கூடாது. பரிசு கிடையாது, யாருக்கும். வட்டத்தை இனி நீ ஒட்டவில்லை. சொல்ல வந்தவளே ஒட்டினாள், நீ அவள் பக்கத்தில் நின்றாய்.

முதல் ஆறு மாசத்தில் வட்டங்கள் கூடின. பார்க்க வந்தவர்களுக்குப் புரியவில்லை. இன்னும் மோசமாகிவிட்டதே என்றார்கள். இதுதான் நெஜம், இங்கேயிருந்துதான் இறங்கணும் என்று நீ சளைக்காமல் சொன்னாய். பிறகு இறங்கியது. கன்னியம்மா ஒரு மழைநாளில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, "ஒண்ணு போய்ட்ச்சு சிஸ்டர், காலீலதான்" என்றாள். அன்றைக்கு இரண்டு கட்டத்துக்கும் நடுவே நான் பூஜ்யம் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய எண்களில் அந்த ஒரு பூஜ்யத்தைத்தான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நான் எங்கே வேலை பார்த்தாலும், எந்தத் தாளில் எண் குறைந்திருந்தாலும், இது குறைந்தால் யாருக்குச் சந்தோஷம் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நிறையப் பேருக்கு என்மேல் எரிச்சல். நாற்பது வருஷம் இப்படிப் பாடம் படித்தவள், சொந்த வீட்டில் 'மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க' என்றதும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள், வெளியூர் என்று எழுதினேன். இரண்டு தடவையும் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் முகத்தைப் பார்க்கப் பயந்தவர்கள்.

டின்னின் அடியில் ஒரு பழுப்புத் தாள் மடித்திருந்தது. நம்முடைய பொட்டலத் தாள். உள்ளே வரைபடத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு, தீப்பெட்டி அளவு. சின்னக்கொல்லை என்று என் கையெழுத்து. இரண்டு வட்டம், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. இதை நீ வெட்டி எடுத்தது எப்போது? எனக்குத் தெரியாது. இதை ஆன்ட்டிகிட்ட குடுத்துடு என்று கடைசி வாரத்தில் சொன்னாயாம்.

சற்றுமுன் பேனாவை எடுத்து, அந்தத் தாளிலேயே இரண்டு கட்டம் போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது. உன் பெயரை எழுதினேன். இறந்த நாள் எது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுதினேன். எனக்குச் சொன்ன நாள், இன்று. விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். தொண்ணூற்று மூன்று.

இரண்டு நாளைக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியவர்கள் நாம் இருவரும்தான்.

டின்னிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்து உன் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினேன். பசை இல்லை, நிற்கவில்லை. விரலை எடுத்தால் நழுவிவிடும் போலிருந்தது. எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பதறிக்கொண்டு, "வேணாம்மா, நெஞ்சு வலிக்கும், அழாத" என்று தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தார். அழக்கூடாது என்று சொல்கிறவர்களை நான் எவ்வளவு தூரம் நம்பிவிட்டேன், பார். டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சத்தம் போட்டு அழுதேன்.